பெக்டன் காஸும் ஈஸ்ட் ஹாம் சுடுதண்ணீரும்

சுடுதண்ணீர் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் "பொயிலர் பழுதாப் போச்சு" என்றுதான் தொடங்குவார்கள். காஸ் வேலை செய்கிற எங்களுக்கு அந்தப் பேச்சில் முழு நம்பிக்கை கிடையாது. குசினிச் சுவரில் தொங்கும் அந்த வெள்ளைப் பெட்டி அநேகமான நேரங்களில் பற்ற மறுத்து நிற்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் ஓடுகிறதா, உள்ளே இருக்கும் விசிறி சுழல்கிறதா, புகை வெளியே போகிறதா, நெருப்பு உண்மையிலேயே எரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் அது தனக்குள் கேட்டுக்கொள்கிறது. ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும் காஸைத் திறக்காது, திறந்திருந்தால் மூடிவிடும். இந்தக் கேள்விகளை யாரும் ஒரே நாளில் மேசையில் இருந்து எழுதிக் கொடுக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக வீட்டுக் குளியலறைகளிலும் குசினிகளிலும் நடந்தவற்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை அவை. சிலவற்றுக்குப் பின்னால் சாவு இருக்கிறது.

நான் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்து, அதைச் சுற்றியுள்ள வீடுகளில் வேலை செய்பவன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். தொண்ணூறுகளில், பார்க்கிங் (Barking) பக்கத்து ஆங்கிலேயக் கிழவர் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து இந்தத் தொழிலைப் பழகினேன். அவர் அறுபதுகளின் இறுதியில் காஸ் போர்டில் வேலை தொடங்கியவர். பெட்டியைத் திறக்கும் முன் அது எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய முதற்பாடம். அந்த இடத்தில் ஏன் ஒரு தடை வைத்தார்கள் என்று தெரியாதவன் அதில் கைவைக்கக் கூடாது என்பது இரண்டாவது. இங்கே நான் சொல்லப்போவதில் பாதியை அவருடைய வானில் பக்கத்து இருக்கையில் இருந்தபடி கேட்டேன். மீதியைப் பிறகு படித்தும் ஊரைச் சுற்றிப் பார்த்தும் தெரிந்துகொண்டேன்.

நிலக்கரி காஸ்

ஈஸ்ட் ஹாமில் புடவைக் கடைகளையும் நகைக் கடைகளையும் தாண்டித் தெற்கே நேராகப் போனால், ஏ-13 பெருந்தெருவைக் கடந்ததும் பெக்டன் வந்துவிடும். இன்று அங்கே கடைத்தொகுதிகளும் டி.எல்.ஆர். ரயிலும் புதுக் குடியிருப்புகளும்தான் தெரியும். 1870இல் அங்கே தேம்ஸ் கரையில் ஓர் ஆலை எழுந்தது. 1812இல் அரச சாசனம் பெற்ற காஸ் லைட் அண்ட் கோக் கம்பனியின் ஆலை அது. கம்பனியின் தலைவர் சைமன் ஆடம்ஸ் பெக்கின் பெயரால்தான் அந்த இடம் பெக்டன் ஆனது. பின்னாளில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய காஸ் ஆலையாக அது வளர்ந்தது.

இங்கிலாந்தின் வடகிழக்குச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி கப்பலில் வந்து இறங்கும். அதைக் காற்றுப் புகாத உலைக்கலங்களில் அடைத்துச் சூடாக்கினால் காஸ் பிரிந்து வரும். மிஞ்சுவது கோக். கூடவே தாரும் அமோனியாவும் கிடைக்கும். அந்தக் காஸில் ஏறத்தாழப் பாதி ஐதரசன். மீதியில் பெரும்பகுதி மீதேன், அத்தோடு நஞ்சான காபன் மொனொக்சைட். குழாய் ஒழுகினாலே ஆளைக் கொல்லக்கூடிய அந்தக் காஸ்தான் ஒரு நூற்றாண்டாக லண்டன் வீடுகளுக்குள் ஓடியது.

உலைக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள் பன்னிரண்டு மணி நேர முறையில் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் வில் தோர்ன். சிறு வயதிலேயே வேலைக்கு அனுப்பப்பட்டவர். எழுத்து வாசிப்பைச் சரியாகப் பழக அவருக்கு உதவியவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர். 1889இல் தோர்ன் இந்தப் பகுதிக் காஸ் தொழிலாளரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். அதே ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலையை வென்றெடுத்தார்கள். பின்னர் அவர் இதே பகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். இன்றைய ஜி.எம்.பி. தொழிற்சங்கத்தின் வேர் அந்தச் சங்கம்.

ஆலையில் காஸ் உற்பத்தி 1960களின் இறுதியோடு நின்றது. எண்பதுகளின் நடுவில் ஸ்டான்லி கியூப்ரிக் அந்த இடிபாடுகளை வியட்நாமின் ஹுவே நகரமாக மாற்றி 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்தை எடுத்தார். ஸ்பெயினிலிருந்து பனையினத்து மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். அதே காலத்தில்தான் எங்கள் ஆட்கள், சோடனை இல்லாத ஒரு போரிலிருந்து தப்பி வந்து, சற்று வடக்கே ஈஸ்ட் ஹாமிலும் மனர் பார்க்கிலும் அறைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறைகளில் ஐம்பது பென்ஸ் நாணயம் போட்டால் ஓடும் மீற்றர்கள் இருந்தன. இரவு வேலை முடித்து வந்து, முகம் கழுவச் சுடுதண்ணீர் வேண்டுமென்றால் சட்டைப்பையைத் தடவுவோம். நாணய மீற்றர் 1890களிலேயே வந்துவிட்டது. அதுவரை காஸ் வசதியுள்ளவர் வீட்டுப் பொருள். மின்விளக்கு வந்ததும் விளக்குக்கு விற்ற காஸ் இனி விலைபோகாது என்று கம்பனிகள் பயந்தன. ஆகவே அடுப்புக்கும் சுடுதண்ணீருக்கும் காஸை விற்கத் தொழிலாளர் வீடுகளைத் தேடிப் போயின. ஒரு பென்னியைப் போட்டு ஒரு பென்னிக்குரிய காஸ் எடுக்கலாம் என்றதும் கிழக்கு லண்டன் வீடுகளுக்குள் காஸ் நுழைந்தது. இன்றும் முற்பணம் கட்டும் மீற்றர் உள்ள வீட்டில் பொயிலர் பற்றவில்லை என்றால் நான் தொலைபேசியிலேயே கேட்கும் முதற் கேள்வி, "அக்கா, மீற்றரில காசு இருக்கோ?" என்பதுதான். சிலர் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்கள்.

கீசர்

ஈஸ்ட் ஹாமின் வரிசை வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டியவை. பலவற்றில் குளியலறையே இருக்கவில்லை. பின்கட்டில் அடுப்போடு சேர்த்துக் கட்டிய கொப்பரையில் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள். குசினியில் தகரத் தொட்டியை இழுத்துப் போட்டு, கிழமைக்கு ஒருமுறை, ஒரே தண்ணீரில் குடும்பம் முழுவதும் முறைவைத்துக் குளிக்கும். இது ஏதோ பழங்காலத்துக் கதையென்று நினைக்கக் கூடாது. 1951 குடிசன மதிப்பின்போதுகூடப் பிரித்தானியக் குடும்பங்களில் 37 வீதத்துக்குச் சொந்தமாகப் பொருத்திய குளியல் தொட்டி கிடையாது.

வசதியுள்ள வீடுகளுக்கு வேறு வழி இருந்தது. 1868இல் பெஞ்சமின் வாடி மோன் என்ற லண்டன் வர்ணக்காரர் ஒரு கருவிக்குக் காப்புரிமை எடுத்து அதற்குக் கீசர் என்று பெயர் வைத்தார். திறந்ததும் சுடச்சுடத் தண்ணீர் தரும் கருவி. அடியில் காஸ் எரியும், அதன் சூடான புகை மேலே எழும், தண்ணீர் அந்தப் புகைக்கு ஊடாகவே வடிந்து வரும். குளிக்கலாம், குடிக்க முடியாது. கருவிக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்த காஸின் கழிவு முழுவதும், கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறவரோடு அதே அறையில் நிறையும். திறக்கும் ஒழுங்கிலும் ஆபத்து இருந்தது. முதலில் தண்ணீர், பிறகுதான் காஸ். மாறிச் செய்தால், அல்லது பற்றவைக்கச் சுணங்கினால், வெடிக்கும்.

மோன் ஒரு கேள்வியையும் கருவிக்குள் வைக்கவில்லை. அத்தனை கேள்விகளும் குளிக்கப் போகிறவரின் தலையில் இருந்தன. அவர் ஒன்றை மறந்தால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. அதன் பிறகு நடந்த முன்னேற்றம் முழுவதையும், மனிதர் மறக்கக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குள் கொண்டுபோன வேலை என்று சொல்லலாம்.

முதல் அடியை ஜேர்மனியர் எடுத்தார்கள். ரெம்ஷைட் நகரத்து யோகான் வைலண்ட் 1894இல் தண்ணீரையும் புகையையும் பிரித்தார். தண்ணீர் குழாய்க்குள் போகும், சூடு வெளியிலிருந்து ஏறும், இரண்டும் கலக்காது. அதே காலத்தில் டெசாவ் நகரத்தில் ஹ்யூகோ யுங்கர்ஸ் காஸ் கீசர் செய்து விற்றார். அந்தப் பணத்தில் விமான ஆராய்ச்சியில் இறங்கி 1915இல் முழுக்க உலோகத்தாலான விமானத்தைப் பறக்கவிட்டார். நாசிகள் பதவிக்கு வந்ததும் விமானக் கம்பனியை அவரிடமிருந்து பறித்தார்கள். 1935இல் அவர் இறந்தார். அவருடைய பெயரைத் தாங்கிய குண்டுவீச்சு விமானங்கள் 1940இல் லண்டனுக்கு மேலே வந்தன. அந்தச் செப்டெம்பர் 7ஆம் தேதி, பெரும் குண்டுவீச்சின் முதல் நாளிலேயே, பெக்டன் காஸ் ஆலையும் அடிவாங்கியது.

யுங்கர்ஸின் கீசர் அதற்கு முன்பே லண்டனுக்கு வந்துவிட்டது. 1930களில் அஸ்கொட் என்ற பெயரில், யுங்கர்ஸின் தொழில்நுட்பத்தோடு, வடமேற்கு லண்டனின் நீஸ்டனில் காஸ் கீசர்களைச் செய்தார்கள். கழுவுதொட்டிக்கு மேலே வெள்ளை எனாமல் பூச்சோடு நின்ற அந்தப் பெட்டியை இந்த நாட்டு முதியவர்கள் யாரைக் கேட்டாலும் நினைவு வைத்திருப்பார்கள். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. பைப்பைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால் சவ்வின் இரு பக்கமும் அழுத்தம் வேறுபடும், சவ்வு எழும்பும், அது காஸ் வால்வைத் தள்ளித் திறக்கும். தண்ணீர் நின்றால் காஸும் நிற்கும். 'முதலில் தண்ணீர், பிறகு காஸ்' என்பதை மனிதர் இனி நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.

ரேடியேற்றரையும் பைப்புத் தண்ணீரையும் ஒரே பெட்டி சூடாக்கும் இன்றைய கொம்பி பொயிலரில், அந்தச் சவ்வு இருந்த இடத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது. அதன் சுழற்சியை மின்பலகை எண்ணுகிறது. பைப்பைத் திறந்ததும் பொயிலரில் ஒரு சத்தமும் கேட்கவில்லை, ரேடியேற்றர் மட்டும் வழமைபோலச் சுடுகிறது என்றால் நான் முதலில் சந்தேகிப்பது அந்தச் சக்கரத்தைத்தான். ஒரு மணல் துணுக்கு அதைப் பிடித்து நிறுத்தினால் போதும். தண்ணீர் ஓடுகிறது என்று பெட்டிக்குத் தெரியாது. கழற்றிக் கழுவிப் பூட்டினால் வேலை முடியும்.

சுவாலைக்குச் சாட்சி

பற்றவைத்த நெருப்பு காற்றில் அணைந்தால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. காஸ் திறந்தபடி வந்துகொண்டே இருக்கும், வீடு நிறையும். இதற்காக எப்போதும் எரியும் சிறு பைலட் சுவாலையையும் அதன் நுனியில் நிற்கும் ஓர் உலோகக் கம்பியையும் வைத்தார்கள். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடம் சூடேறினால் சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும். அந்த அற்ப மின்சாரம் ஒரு காந்தத்தைப் பிடித்துவைக்கும், காந்தம் காஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கும். சுவாலை அணைந்தால் கம்பி குளிரும், காந்தம் விடும், காஸ் நிற்கும். பழைய பொயிலரில் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணுவோமே, கம்பி சூடேறட்டும் என்றுதான் அந்தக் காத்திருப்பு.

இப்போது பைலட் கிடையாது. சுவாலைக்குள் நீட்டிய ஒரு முள்ளின் வழியாக மிகச் சிறு மின்னோட்டம் பாய்கிறது. நெருப்பு இருந்தால்தான் அது பாயும். முள்ளில் சாம்பல் படிந்தால் நெருப்பு எரிந்தும் சாட்சி கிடைக்காது. பொயிலர் பற்றும், சில விநாடியில் அணையும், மறுபடி பற்றும், மூன்று நான்கு முறைக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும். வீட்டுக்காரருக்கு அது விசர் பிடித்த இயந்திரம்போலத் தெரியும். சாட்சி சொல்லும் முள்ளைத் துடைத்தால் சரியாகிவிடும்.

கடல் காஸ்

கிழவர் கதை சொல்லத் தொடங்கினால் கடைசியில் காஸ் மாற்றத்துக்குத்தான் வந்து சேருவார். அவருடைய இளமை அதில் கழிந்தது.

1949 மே 1ஆம் தேதி, ஆயிரத்துக்கு மேற்பட்ட தனியார், நகரசபைக் காஸ் கம்பனிகள் அரசுடைமையாகிப் பன்னிரண்டு வட்டாரப் போர்டுகளாயின. 1965இல் வட கடலில் சீ ஜெம் என்ற துரப்பண மேடை இயற்கைக் காஸைக் கண்டது. அதே ஆண்டு டிசம்பரில் மேடை சரிந்து பதின்மூன்று பேர் செத்தார்கள். 1967இல் கடற்காஸ் யோக்‌ஷயர் கரையின் ஈசிங்டனில் தரைக்கு வந்தது.

அது வேறு வகைக் காஸ். கிட்டத்தட்ட முழுவதும் மீதேன், நஞ்சு கிடையாது. மணமும் கிடையாது என்பதால் ஒழுகினால் தெரியட்டும் என்று நாற்றத்தைச் சேர்த்தார்கள். ஒரே அளவு காஸில் பழைய காஸைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சூடு. எரிய இரண்டு மடங்குக்கு மேல் காற்று வேண்டும். சுவாலை மெதுவாக ஓடும். ஆகவே பழைய எரிமுகப்பில் விட்டால் நெருப்பு முகப்பை விட்டு மேலே எழும்பி அணைந்துபோகும். நாட்டிலுள்ள ஒவ்வோர் அடுப்பிலும் கீசரிலும் எரிமுகப்பை மாற்றியாக வேண்டும் என்றானது.

மாற்றினார்கள். 1966இல் எசெக்ஸின் கான்வி தீவில் ஒத்திகை பார்த்தார்கள். 1967இலிருந்து 1977 வரை நாடு முழுவதும் வேலை நடந்தது. ஏறக்குறைய ஒரு கோடியே முப்பது லட்சம் பாவனையாளர், நான்கு கோடிக் கருவிகள். நகரங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, முன்கூட்டியே வீடு வீடாகப் போய் என்னென்ன கருவி உண்டென்று எழுதிவைப்பார்கள். குறித்த நாளில் பழைய காஸை நிறுத்தி, குழாயில் மிஞ்சியதை எரித்துத் தீர்த்து, புதுக் காஸை விடுவார்கள். பிறகு படையாக இறங்கி வேலை செய்வார்கள். தெருவோரத்தில் ஒரு நடமாடும் பட்டறை நிற்கும். பாகம் வராத கருவிக்காகப் பல வீடுகள் குளிர்ந்த அடுப்போடு காத்திருந்தன. மாற்ற முடியாத பழைய கீசர்களைக் கழற்றிக் குவித்ததைக் கிழவர் ஒருவிதப் பெருமையோடு சொல்வார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த நாட்டில் யாரும் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டியது அந்த ஒருமுறைதான் என்பது அவருடைய வாதம்.

கதவைத் தட்டியதால் ஒரு நன்மையும் நடந்தது. யார் வீட்டில் என்ன எரிகிறது, புகை எங்கே போகிறது என்பதை முதன்முறையாக ஒரு பயிற்சி பெற்ற கண் பார்த்தது.

அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில்தான் ரோனன் பொயின்ட் இடிந்தது. எங்களுக்குப் பக்கத்தில், கானிங் டவுனில் நின்ற இருபத்திரண்டு மாடிக் கவுன்சில் கட்டடம். ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம். 1968 மே 16 விடியற்காலை, பதினெட்டாம் மாடியில் தேநீருக்காக ஒரு பெண் அடுப்பைப் பற்றவைத்தார். இரவு முழுவதும் ஒழுகியிருந்த காஸ் வெடித்தது. சுவர்ப் பலகை வெளியே விழ, அதை நம்பி நின்ற மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் இறந்தார்கள். அடுப்பைப் பற்றவைத்தவர் தப்பினார். விசாரணையில் கட்டடத்தின் வடிவமைப்பே பலவீனமானது என்று தெரிந்தது. ஒழுக்குக்குக் காரணம், அடுப்புக்குப் போகும் குழாயை இணைத்த ஒரு பித்தளை நட்டு. தரம் குறைந்தது, உடைந்திருந்தது.

ஒரு நட்டை யார் பூட்டலாம் என்று கேட்காத நாடு அதற்குப் பிறகு கேட்கத் தொடங்கியது. 1970இல் கோர்ஜி என்ற பதிவு அமைப்பு வந்தது. முதலில் விரும்பினால் சேரலாம் என்றிருந்தது. 1991இல் கட்டாயமானது. 2009 ஏப்ரல் 1இலிருந்து அதன் இடத்தில் காஸ் சேஃப் பதிவேடு. என் சட்டைப்பையில் இருக்கும் அட்டையின் பின்பக்கத்தில் நான் எந்தெந்தக் கருவியில் கைவைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. கதவைத் திறந்ததும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்கும். எங்கள் ஆட்களில் பலர், "தம்பி எங்கடை ஆள்தானே" என்று கேட்பதில்லை.

கொம்பி

காஸ் மலிந்ததும் வீடு முழுவதையும் சூடாக்கும் ஆசை வந்தது. 1972இல் 37 வீத வீடுகளில்தான் மைய வெப்பமூட்டல் இருந்தது. இன்று அது இல்லாத வீட்டைத் தேட வேண்டும். முதலில் வந்த முறை இடத்தை விழுங்கியது. கூரைக்கடியில் பச்சைத்தண்ணீர்த் தொட்டி, மாடியில் அலுமாரிக்குள் செம்புச் சிலிண்டர், கீழே பொயிலர். தெருக்குழாயின் அழுத்தத்தில் நேரே சுடுதண்ணீரைச் சேமித்துவைக்க இங்கிலாந்தின் தண்ணீர் விதிகள் 1980களின் நடுப்பகுதி வரை விடவில்லை. மூடிய சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடேறினால் வெடிக்கும் என்ற பயம் அது. இந்த நாட்டுக் கழுவுதொட்டிகளில் சுடுதண்ணீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் தனித்தனி பைப் இருப்பதைப் பார்த்து வந்த புதிதில் எல்லாரும் சிரித்திருப்போம். ஒன்று கூரையிலிருந்து மெதுவாக வருகிறது, மற்றது தெருவிலிருந்து வேகமாக வருகிறது. இரண்டையும் கலக்க விடாமல் வைத்திருந்தார்கள்.

கொம்பி இந்தச் சாமான்கள் அத்தனையையும் ஒழித்தது. ஐரோப்பாவில் அறுபதுகளில் பரவி, பிறகு இங்கே வந்தது. 1962இல் சிசில் டக்வர்த் வூஸ்டரில் தொடங்கிய கம்பனி எழுபதுகளில் இந்த நாட்டிலேயே கொம்பி செய்தது. 1992இல் அதை வாங்கியது பொஷ். யுங்கர்ஸின் கீசர்க் கம்பனியை 1932இல் வாங்கியதும் அதே பொஷ்தான்.

உள்ளே நடப்பது எளிது. பொயிலர் ஒரே நெருப்பை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறது. பைப்பைத் திறந்ததும் ஒரு வால்வு திரும்பி, ரேடியேற்றருக்குப் போகும் சூட்டை ஒரு தகட்டுக் கட்டுக்குள் அனுப்பும். தகடுகளின் ஒரு பக்கம் பொயிலரின் சூடான தண்ணீர், மறுபக்கம் தெருவிலிருந்து வரும் தண்ணீர். 24 கிலோவாட் பொயிலர், தண்ணீரை 35 பாகை உயர்த்தி, நிமிடத்துக்குப் பத்து லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். குளிர்காலத்தில் தெருத்தண்ணீர் ஐந்து பாகையில் வந்தால் நாற்பதுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தை மாதத்தில் "முந்தின மாதிரிச் சுடேல்லை" என்று வரும் அழைப்புகள் சிலவற்றுக்குப் பழுதே கிடையாது. பைப்பைக் கொஞ்சம் மூடி ஓட்டத்தைக் குறைத்தால் போதும்.

"தம்பி, ரேடியேற்றர் எல்லாம் கொதிக்குது. பைப்பில மட்டும் பச்சைத்தண்ணி" என்று ஒரு அன்ரி சொன்னால் அவர் பாதி வேலையை முடித்துவிட்டார். நெருப்பு நலம், காஸ் நலம், விசிறி நலம். வால்வு திரும்பவில்லை, அல்லது ஓடுகிற தண்ணீரை உணரும் சக்கரம் நின்றுவிட்டது. தண்ணீர் சுட்டுவிட்டு உடனே குளிர்ந்தால் சந்தேகம் தகட்டின் மேல். லண்டன் தண்ணீர் சுண்ணக்கற்பாறை ஊடாக வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதேதான் தகடுகளுக்கிடையிலும் படிகிறது. சூடு ஏற வழியில்லாமல் பொயிலர் தன்னைக் காத்துக்கொள்ள நெருப்பை அணைக்கிறது. எதுவுமே சுடவில்லை, அழுத்தமானி ஒன்றுக்குக் கீழே நிற்கிறது என்றால் உள்ளே சுற்றும் தண்ணீர் எங்கோ குறைந்திருக்கிறது. கையேட்டைப் பார்த்து நீங்களே ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிரப்பலாம். அடிக்கடி குறைந்தால் ஒழுக்கைத் தேட வேண்டும்.

2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பூட்டும் பொயிலர்கள், சில விலக்குகள் தவிர, ஒடுக்கும் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மீதேன் எரிந்தால் தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். ஒரு கன மீற்றர் காஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். முன்பு அது சூட்டோடு வானத்துக்குப் போனது. இப்போது அதைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடிக்கிறோம். பிடித்த தண்ணீர் புளிப்பானது. பிளாஸ்ரிக் குழாயில் வெளியேறும். வீட்டுக்கு வெளியே மெல்லிய குழாயாக ஓடவிட்டவர்கள் இந்த நாட்டுக் குளிரை மறந்தார்கள். 2010 டிசம்பர், நூறாண்டுகளில் வந்த டிசம்பர்களில் மிகக் குளிரானது. குழாய்கள் உறைந்தன, தண்ணீர் திரும்பி உள்ளே ஏறியது, ஏராளமான பொயிலர்கள் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. அந்த நாட்களில் நான் வானில் வைத்திருந்த முக்கியமான கருவி ஒரு கேத்தில். மிதமான சூட்டுத்தண்ணீரைக் குழாயின் வெளிப்பக்கம் ஊற்றி, மீள் இயக்கப் பொத்தானை அழுத்தினால் பற்றிவிடும். அதன் பிறகு வெளியே ஓடும் குழாயைத் தடிப்பாகப் போடும்படியும் உறையிட்டு மூடும்படியும் அறிவுரைகள் இறுகின.

மீறுகிறவர்கள்

இந்தக் கதையில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. அறை அறையாக வாடகைக்கு விட்ட ஒரு வீட்டில் பொயிலரின் மூடியைத் திறந்தபோது, விசிறி ஓடுகிறதா என்று பார்க்கும் அழுத்த உணரியின் இரண்டு கம்பிகளை யாரோ சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள். விசிறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பொயிலர் "ஓடுகிறது" என்று நம்பும். புகை வெளியே தள்ளப்படாவிட்டாலும் நெருப்பு எரியும். மேலே இரண்டு பிள்ளைகள் தூங்கும் அறை. மலிவாகச் செய்து தருகிறேன் என்ற ஒருவர், அட்டை இல்லாதவர், பாகம் வாங்கும் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். சுடுதண்ணீர் வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்த இரண்டு கம்பியை முறுக்கியதும் வீடு 1868க்குத் திரும்பிப் போய்விட்டது. புகைபோக்கி இருந்தும் இல்லாத கீசர். சட்டப்படி காஸை மூடி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, வீட்டுக்காரரின் திட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் வீட்டில், காஸ் அடுப்பைத் தவிர நிலையாகப் பூட்டிய எந்த எரிகருவி உள்ள அறையிலும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைமணி கட்டாயம். வாடகைக்கு இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

திரும்பி வரும் சிலிண்டர்

இப்போது காஸே போகப்போகிறது என்கிறார்கள். பொயிலரை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு பூட்டினால் அரசு £7,500 மானியம் தருகிறது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சும் அந்தக் கருவி நல்ல கருவி. ஆனால் அது நிதானமாக வேலை செய்வது. பைப்பைத் திறந்ததும் 24 கிலோவாட்டைக் கொட்டாது. ஆகவே சுடுதண்ணீரைச் சேமித்துவைக்கச் சிலிண்டர் மறுபடி வேண்டும்.

எங்கள் பகுதியில் இதில் ஒரு சிக்கல். கொம்பி வந்தபோது சிலிண்டர் நின்ற மாடி அலுமாரி காலியானது. ஈரமில்லாத, கதவுள்ள இடம். தமிழ் வீடுகள் பலவற்றில் அங்கே சாமிப்படங்களை வைத்தார்கள். நானே சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்த அலுமாரிகளில் இன்று முருகனும் பிள்ளையாரும் இருக்கிறார்கள். வெப்பப் பம்புக்கு அளவெடுக்க வருகிறவர் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த இடம்தான் வேண்டும் என்கிறார். "அப்ப நாங்கள் பழையபடி பின்னுக்குப் போறமோ தம்பி?" என்று ஒரு அங்கிள் என்னிடம் கேட்டார்.

பின்னுக்குப் போகவில்லை என்றுதான் அவருக்குச் சொன்னேன். சிலிண்டரை வீட்டிலிருந்து துரத்தியது மலிவான கடற்காஸ். அந்த மலிவுக் காலம் என் கிழவரின் கைகளில் தொடங்கியது, என் கைகளில் முடிகிறது. எரிபொருள் மாறும்போதெல்லாம் வீடு தன் அறைகளை மாற்றியிருக்கிறது. கொப்பரை போய் கீசர் வந்தது, கீசர் போய் சிலிண்டர் வந்தது, சிலிண்டர் போய் அலுமாரி காலியானது. ஆகவே இப்போது வீடு திருத்துகிறவர்களுக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். சாமியை வேண்டுமானால் கீழே நல்ல இடம் பார்த்து வையுங்கள், அந்த அலுமாரியை மட்டும் இடித்து அறையோடு சேர்த்துவிடாதீர்கள்.